இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் வாழை வைத்திருப்பவர்கள் சிலரிடமும், அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றிலும், வங்கிக் காவலுக்குப் போகும் முன்னாள் ராணுவத்தினரிடமும் உரிமத்தோடு இன்றும் இருப்பது பெரும்பாலும் 12 போர் (‘போர்’ என்பது குழலின் உள்விட்ட அளவு) துப்பாக்கிதான். இவற்றில் பலவும் ஆண்டுக்கு ஓரிரு முறைகூடச் சுடப்படுவதில்லை. அதனால் சுட்டுத் தேய்ந்து கெட்ட துப்பாக்கியைவிட, பீரோவுக்குள் இருந்தபடியே தப்பான எண்ணெயாலும் அளவு மீறிய எண்ணெயாலும் கெட்ட துப்பாக்கியையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் தகப்பனார் வைத்திருந்து, அவர் காலத்துக்குப் பின் உரிமத்தோடு என் கைக்கு வந்த இரட்டைக்குழல் துப்பாக்கியும் அப்படிக் கெட்டதுதான். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவராக, இருந்து ஓய்வு பெற்ற எங்கள் சித்தப்பா அதைத் திருத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து கற்றவற்றையும், அதன் பிறகு என் கைப்பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

எண்ணெய் என்று ஒரே சொல்லில் நாம் குறிப்பிடுவது மூன்று வேறு வேலைகளை. சுட்டபின் குழலுக்குள் படியும் கரியையும் ஈயத்தையும் இளக்கி எடுப்பது ஒரு வேலை. இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் நடுவே நின்று தேய்மானத்தைத் தடுப்பது இரண்டாவது. காற்றிலுள்ள ஈரமும் உப்பும் உலோகத்தைத் தீண்டாமல் மூடிக் காப்பது மூன்றாவது. இளக்கும் திரவம் மெல்லியதாக இருந்து இடுக்குகளில் புகவேண்டும், காக்கும் பூச்சு தடித்து ஒட்டி நிற்கவேண்டும். ஆகவே ஒன்றில் சிறந்த பொருள் மற்றொன்றில் பின்தங்குவது இயல்பு. ஜெர்மானிய ராணுவத்துக்கென்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான பாலிஸ்டால் போன்ற சில எண்ணெய்கள் மூன்றையும் ஓரளவு செய்யும். மற்றபடி, துப்பாக்கியில் ஒரு கோளாறு தெரிந்தால் இந்த மூன்றில் எந்த வேலை நடக்கவில்லை என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எந்த அறிகுறியை ஆராய்வதானாலும் முதலில் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்து, அவற்றை வேறு அறையில் வைத்துவிட்டு, இரண்டு குழல்களிலும் விரலை விட்டுத் தடவிப் பார்க்கவேண்டும். பிறகு முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்துவிட்டால், அதன்பின் எந்த விபத்துக்கும் இடமில்லை. துடைப்பதும் எண்ணெயிடுவதும் உரிமையாளர் செய்யக்கூடியவை. பூட்டை, அதாவது விசையும் குதிரையும் வில்லும் அடங்கிய இயக்கப் பகுதியை, பிரித்து உள்ளுறுப்புகளைத் திருத்துவதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே விடவேண்டும்.

விசையை இழுத்தால் ‘டக்’கென்று சத்தம் வருகிறது, தோட்டா வெடிக்கவில்லை

இதுவே இந்த வட்டாரத்தில் நான் மிகுதியாகக் கேட்கும் குறை. அப்படி நேர்ந்தால் உடனே திறந்துவிடக் கூடாது. வெடிப்பு சற்றுத் தாமதித்தும் நிகழலாம் என்பதால், குழல் முனையைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து ஒரு நிமிடமாவது பொறுத்துத் திறக்கவேண்டும். வெளியே எடுத்த தோட்டாவின் அடியில் ஊசி குத்திய பள்ளத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். பள்ளம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லையென்றால் குறை தோட்டாவில் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன். பள்ளம் ஊசிநுனி தொட்டதுபோல் லேசாக இருந்தால் ஊசியோ, அதை அடிக்கும் சுத்தியலான குதிரையோ தன் முழு வேகத்தில் வந்து மோதவில்லை என்று பொருள். வில் (ஸ்பிரிங்) தளர்ந்திருக்கலாம், ஆனால் பழைய துப்பாக்கிகளில் பெரும்பாலும் வில் நன்றாகவே இருக்கும், அதைச் சுற்றிலும் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும்.

என் தகப்பனார் ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் துப்பாக்கியின் ஊசித் துளைகளிலும் திறக்கும் நெம்புகோலின் அடியிலும் செக்கு நல்லெண்ணெய் விட்டுவந்தார். வீட்டில் அதைவிட நல்ல பொருள் வேறில்லை என்ற நம்பிக்கையில் செய்தது அது. கதவுக் கீலுக்கும் மாட்டு வண்டி அச்சுக்கும் பயன்பட்ட எண்ணெய் இதற்கு ஆகாது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. அவருக்குப் பிறகு நான் முதன்முறையாகச் சுட்டபோது வலக்குழல் வெடித்தது, இடக்குழல் மூன்று முறையும் வெடிக்கவில்லை. சித்தப்பா பூட்டின் அடியில் தெரிந்த தேன்நிறப் படலத்தை நகத்தால் சுரண்டிக் காட்டி, “ஏல, இது எண்ணெயில்லை, வார்னிஷ். சமையக்கட்டு எண்ணெய் சமையக்கட்டுலேயே இருக்கட்டும்” என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. தாவர எண்ணெய்களில் உள்ள நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சங்கிலியாகப் பிணைந்து, முதலில் பிசுபிசுப்பாகவும் பிறகு தோலாகவும் மாறுகின்றன. இந்த இயல்பை அளக்க அயோடின் எண் என்றோர் அளவு உண்டு. மரச்சாமானுக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல் இருப்பதால்தான் அது பூசிய சில நாட்களில் காய்ந்து படலமாகிறது. நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ 104 முதல் 120 வரை. அது சில நாட்களில் காயாது, சில மாதங்களில் பிசினாகும். விளக்கெண்ணெய்க்கு 82 முதல் 90 வரை. முதல் உலகப்போர்க் காலத்து விமான எஞ்சின்களுக்கே உயவாக இருந்த எண்ணெய் அது என்றாலும், அதன் குழைவே குதிரையின் வேகத்தைக் குறைக்கும், நாளானால் அதுவும் படியும். தேங்காய் எண்ணெய்க்கு 6 முதல் 11 வரைதான் என்பதால் அது எளிதில் பிசினாகாது. ஆனால் அதற்கு வேறொரு குறை உண்டு. 24, 25 டிகிரி செல்சியஸில் அது உறைந்துவிடும். பாளையங்கோட்டையில் சித்திரை மாதத்தில் தண்ணீராக ஓடும் எண்ணெய் மார்கழி விடியற்காலையில் மலைமேலுள்ள மாஞ்சோலையில் வெண்ணெய்க் கட்டியாக நிற்கும். அந்த நேரத்தில் ஊசி நகராது. அது மக்கிக் காறல் வாடை எடுக்கும்போது உண்டாகும் அமிலம் பித்தளையில் களிம்பையும் இரும்பில் துருவையும் உண்டாக்கும்.

தையல் எந்திர எண்ணெய், எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய் ஆகியவை கனிம எண்ணெய்கள். இவை இப்படிப் பிசினாவதில்லை, அல்லது மிக மெதுவாகவே ஆகும். சந்தேகமுள்ளவர்கள் ஒரு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உடைந்த கண்ணாடித் துண்டொன்றைக் கழுவித் துடைத்து, அதன்மேல் கையிலுள்ள ஒவ்வோர் எண்ணெயிலும் ஒரு துளியை வரிசையாக மெல்லத் தடவி, தூசு படாமல் மொட்டைமாடியின் நிழலில் ஒரு மாதம் வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் விரலால் இழுத்துப் பார்க்கவேண்டும். விரலைப் பிடித்து இழுக்கும் எண்ணெய் எதுவோ அது துப்பாக்கிப் பூட்டுக்குள் போகக் கூடாத எண்ணெய். எந்தக் கடைக்காரர் எதைப் புகழ்ந்து விற்றாலும் இந்தக் கண்ணாடித் துண்டின் சொல்லையே நான் நம்புகிறேன்.

இறுகிய பிசினை நீக்கப் பூட்டைப் பிரிக்கத் தேவையில்லை. குழல்களைக் கழற்றிவிட்டு, ஊசித் துளைகள் உள்ள முகத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து, அந்தத் துளைகளிலும் விசையின் இடுக்கிலும் சீமெண்ணெயோ பெயிண்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனோ நாலைந்து துளி விட்டு, அரைமணி நேரம் ஊறவைத்து, வடிகிற அழுக்கைத் துணியில் வாங்கிக்கொள்ள வேண்டும். முகத்தைக் கீழே பிடிக்காமல் நிமிர்த்தி வைத்தால் கரைந்த பிசின் முழுவதும் மரக்கட்டைக்குள் போய்விடும் என்பதால் இந்த நிலை முக்கியமானது. இதை மூன்று நான்கு முறை, வடியும் திரவம் தெளிவாக வரும்வரை செய்தபின், குழலை மாட்டி, டம்மித் (மருந்தில்லாத போலித்) தோட்டாக்களை இட்டு விசையைப் பத்து முறை இயக்கிப் பார்க்கலாம். தோட்டா அறை (குழலில் தோட்டா அமரும் பகுதி) காலியாக இருக்கும்போது விசையை இழுத்தால் பழைய ஊசிகளின் நுனி உடையும். பிறகு ஊசிக்குத் தையல் எந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி போதும். இதன் பின்னும் பள்ளம் ஆழப்படவில்லையென்றால் அது வில்லின் குறை. உரிமம் பெற்ற கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

குழலின் மேல் செம்பழுப்புப் புள்ளிகள்

புள்ளியின் வடிவமே காரணத்தைச் சொல்லும். விரல்ரேகை தெரிகிற துரு வியர்வையால் வந்தது. உப்புக் கையோடு தூக்கி, துடைக்காமல் வைத்திருக்கிறார்கள். நாணய அளவில் வட்டமாக ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் துரு இருந்தால் அது ஆயுத பூசையன்று வைத்த சந்தனப் பொட்டு. ஈரச் சந்தனம் காய்ந்த பின்னும் அடியில் ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால், பொட்டு உதிரும் நாளில் அந்த இடத்தின் கறுப்புப் பூச்சு போயிருக்கும். பூசையை விடச் சொல்லவில்லை; துப்பாக்கிப் பெட்டியின் மூடியில் பொட்டு வைத்தாலும் அது பூசைதான். தோலுறையின் தையல் வரிசைப்படி கோடாகத் துரு பிடித்திருந்தால், பதனிட்ட தோலின் அமிலமும் அது குடித்திருக்கும் ஈரமும் காரணம். தோலுறை வழியில் கொண்டுசெல்வதற்கு மட்டுமே உரியது.

குழல் முழுவதும் தூவினாற்போல் மெல்லிய துரு படிந்தால் காற்றைக் குறை சொல்லலாம். உவரி, கூடங்குளம், குலசேகரன்பட்டினம் பக்கத்து வீடுகளில் சன்னல் கம்பிக்கு என்ன நேர்கிறதோ அதுவே துப்பாக்கிக்கும் நேரும். இங்கே பலர் செய்யும் பிழை, உப்புப் படிந்த இரும்பின்மேல் எண்ணெயைப் பூசிவிடுவது. உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்க்கு அடியில் இருந்துகொண்டே அரிக்கும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் குழலைத் துடைக்கவேண்டும், உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுக்கவேண்டும், வெயிலில் சிறிது சூடேறும்வரை வைக்கவேண்டும், பிறகே எண்ணெய். இடுக்குகளில் நின்ற ஈரத்தைத் தள்ளுவதற்கு டபிள்யூடி 40 நல்லது. 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோவில் நீரை விலக்குவதற்கென்றே அது உருவாக்கப்பட்டது, 40ஆவது முயற்சியில் அமைந்த கலவை என்பதே அதன் பெயருக்குப் பொருள். ஆனால் அதிலுள்ள மெல்லிய கரைப்பான் ஆவியானபின் எஞ்சும் படலம் மிக மெல்லியது. எல்லா ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கிறது என்பதற்காக அதையே அடித்துவிட்டுப் பெட்டியை மூடுபவர்கள், குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் மூன்றே வாரத்தில் துருவைப் பார்ப்பார்கள். அதை நீரை விலக்க மட்டும் பயன்படுத்தி, துடைத்துவிட்டு, மேலே வேறொரு காப்புப் பூச்சு இடவேண்டும்.

காப்புப் பூச்சுக்கு வீட்டிலுள்ள பொருள்களில் நான் முதலிடம் தருவது வாசலின். அது கனிம எண்ணெயிலிருந்து பெற்றது. மக்குவதில்லை, அமிலமாவதில்லை, ஓடுவதும் இல்லை. மணமில்லாத, எதுவும் சேர்க்காத வெள்ளை வாசலினாகப் பார்த்து வாங்கி, துணியில் சிறிதெடுத்து, குழலில் விரலை வைத்தால் தடம் தெரியும் அளவுக்குத் தேய்த்தால் போதும். புதிய 20டபிள்யூ 40 எஞ்சின் எண்ணெயும் மெல்லத் தேய்த்தால் நன்றாகவே காக்கும். வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெயை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் எரிபொருள் எரிந்த அமிலமும் உலோகத் துகளும் இருக்கின்றன, தோலுக்கும் கேடு.

எண்ணெய் இரும்பை எவ்வளவு காக்கும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. நாலைந்து புதிய இரும்பு ஆணிகளை டர்பன்டைனில் கழுவி உலர்த்தி, ஒவ்வொன்றையும் ஒவ்வோர் எண்ணெயால் துடைத்து, ஒன்றை எதுவும் பூசாமல் விட்டு, எல்லாவற்றையும் கிணற்றடியில் நூலில் கட்டித் தொங்கவிட்டால், பத்து நாட்களில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

வங்கிக் காவலர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று தனியே உண்டு. குளிரூட்டிய அறையில் ஆறு மணி நேரம் இருந்த துப்பாக்கியை மாலையில் வெளியே கொண்டுவரும்போது, ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பதுபோல் குழலும் உள்ளும் புறமும் வேர்க்கும். அதை அப்படியே உறையில் போட்டு மூடாமல், கால்மணி நேரம் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்தபின் துடைத்து வைக்கவேண்டும்.

பிடித்துவிட்ட துருவை எடுக்க எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, பழைய செப்புக் காசின் ஓரத்தால் மெல்லச் சுரண்டலாம். செம்பு எஃகைவிட மென்மையானது, துருவை எடுக்கும், குழலைக் கீறாது. 0000 எண்ணுள்ள மெல்லிய எஃகுக் கம்பளியையும் எண்ணெயோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். உப்புத்தாளைத் தொடக் கூடாது. புளி, எலுமிச்சை, கழிப்பறை அமிலம் ஆகியவை பித்தளைப் பாத்திரத்துக்கு எவ்வளவு பளபளப்புத் தந்தாலும் குழலுக்கு ஆகாது. குழலின் கறுப்புநிறப் பூச்சு இரும்பின் ஓர் ஆக்சைடுதான் என்பதால், துருவைக் கரைக்கும் எந்த அமிலமும் துருவுக்கு முன் அந்தப் பூச்சைத் தின்றுவிடும். புளியங்குடிப் பக்கத்தில் எலுமிச்சை மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் தம் துப்பாக்கியைத் தேய்த்து வெள்ளைத் தகடாக்கிக் கொண்டுவந்து காட்டியபோது, அதற்கு ஆறுதல் சொல்ல மட்டுமே என்னால் முடிந்தது.

திறக்கவும் மூடவும் இறுக்கம், கீலில் மணல் அரைபடும் ஓசை

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் இது வழக்கமான குறை. ஆனி, ஆடிக் காற்றில் பறக்கும் செம்மணல் மாவுபோல் நுண்மையானது. கீலிலும் கொக்கியிலும் எண்ணெய் ஈரமாக இருந்தால் அது அந்த மணலைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் மணலும் சேர்ந்த குழம்பு சாணைக்கல்லின் வேலையைச் செய்து சில ஆண்டுகளில் குழலையும் உடலையும் ஆட வைத்துவிடும். ஓசை கேட்டவுடன் மேலும் எண்ணெய் விடுவதுதான் பலருக்கும் தோன்றும். அது நோயை வளர்க்கும். பழையதை டர்பன்டைன் துணியால் சுத்தமாகத் துடைத்தெடுத்து, கீல் உருளையிலும் அது அமரும் வளைவிலும் லித்தியம் கிரீஸை அரிசியளவு மட்டும் எடுத்துத் தேய்த்து, மூடித் திறந்து, வெளியே பிதுங்கியதையும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் ஓடி இறங்கும், கிரீஸ் நிற்கும் என்பதால் பாரம் தாங்கும் இந்த ஓரிடத்துக்கு கிரீஸே பொருத்தம். பூட்டுக்குள் கிரீஸ் போகக் கூடாது.

மணல் இல்லாமலே இறுக்கம் இருந்து, குளிர்காலையில் மட்டும் அது தெரிந்தால், யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.

குழலுக்குள் சாம்பல்நிற வரிகள், துணி வழுக்காமல் சிக்குகிறது

வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் உள்சுவர் கண்ணாடிபோல் இருக்கவேண்டும். 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், அவ்வளவு அகலத்தில் சிறு வரியும் நன்றாகத் தெரியும். தோட்டா அறைக்கு அடுத்த சில அங்குலங்களிலும், குழல் முனை குறுகும் இடத்திலும் ஈயப்படிவு வரும். பிளாஸ்டிக் கிண்ணம் உள்ள தோட்டாக்களைச் சுட்டால் பிளாஸ்டிக் வரியும் சேரும். எண்ணெய் விட்டால் மேலே வழுக்கிப் போகுமே தவிர இவை நீங்கா. கரைப்பான் தேவை, அதோடு வெண்கலத் தூரிகையும் தேவை. பிளாஸ்டிக்குக்கு டர்பன்டைனும் அசிட்டோனும் வேலை செய்யும். ஈயத்தைத் தூரிகையே எடுக்கவேண்டும். கரைப்பானில் நனைத்த துணியைத் தோட்டா அறைப் பக்கமிருந்து முனையை நோக்கித் தள்ளி, பத்து நிமிடம் விட்டு, தூரிகையை அதே திசையில் பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டி, பழைய வேட்டித் துணியை மாற்றி மாற்றி விட்டுத் துடைத்தால் பெரும்பாலும் போதும். ஹாப்பிஸ் நம்பர் 9 என்ற கரைப்பான் 1903ஆம் ஆண்டு முதல் இதற்கே விற்பனையில் இருக்கிறது. ஆயுதக் கடைகளில் கிடைத்தால் வாங்கலாம். அம்மோனியா சேர்ந்த கரைப்பான்களை நிக்கல் முலாம் பூசிய கைத்துப்பாக்கியில் ஊறவிடக் கூடாது, முலாம் உரியும்.

வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சம அளவு கலந்து குழலில் ஊற்றினால் ஈயம் கரைந்து ஓடிவரும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். கரைவது உண்மை. ஆனால் அப்போது உண்டாவது ஈய அசிட்டேட், தோல் வழியாகவும் உடலில் சேரக்கூடிய நஞ்சு. அதைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டினால் என்னவாகும் என்பதை நினைக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது. அமிலம் குழலையும் அரிக்கும். இதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யவேண்டாம். ஈயம் துடைத்த துணிகளைத் தனியே கட்டிப் போட்டு, சோப்பால் கை கழுவிய பிறகே சாப்பிட உட்காரவேண்டும்.

மரக்கட்டை கறுத்து, இரும்போடு சேரும் இடத்தில் மெத்தென்று இருக்கிறது

பூட்டிலும் குழலிலும் விட்ட மிகை எண்ணெய் அனைத்தும் ஆண்டுக்கணக்கில் கட்டையின் தலைப்பகுதிக்குள் இறங்கியிருக்கிறது. எண்ணெய் குடித்து இளகிய மரம், சுடும்போது வரும் உதையைத் தாங்காமல் பிளக்கும். கட்டையைத் தனியே கழற்றத் தெரிந்தவர் கழற்றி, கறுத்த இடத்தில் சுண்ணாம்புத் தூளைக் கெட்டியாகக் குழைத்துப் பூசி உலரவிட்டால், அது எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். தட்டிவிட்டு மறுபடி பூசவேண்டும். சுண்ணாம்பு என்று நான் சொல்வது சாக்குத் தூளை (சாக் பவுடரை). நீற்றிய சுண்ணாம்பு மரத்தின் நிறத்தைக் கெடுக்கும். ஆறேழு முறைக்குப் பின் மரம் வெளுக்கத் தொடங்கும். வெளிப்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெயைத் துளித்துளியாக உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்ப்பது நல்லது; பூட்டுக்குக் கேடான அதே காயும் குணம் மரத்துக்குக் கவசமாகிறது. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் விரித்துக் காயவிட வேண்டும்.

மறுபடியும் இது வராமலிருக்க வழி எளியது. எண்ணெயிட்ட துப்பாக்கியை ஒரு நாளாவது குழல்முனை கீழே இருக்கும்படி, அடியில் துணி மடித்துச் சாய்த்து வைத்தால், மிகை எண்ணெய் முனை வழியாக வடிந்துவிடும்.

தோட்டாவின் பித்தளையில் பச்சை, அல்லது பள்ளம் ஆழமாக விழுந்தும் வெடிக்கவில்லை

எண்ணெய்க் கையோடு தோட்டாவைத் தொட்டிருக்கிறார்கள், அல்லது எண்ணெய் சொட்டும் தோட்டா அறையில் தோட்டாவை இட்டு நாட்கணக்கில் வைத்திருக்கிறார்கள். இடுக்கில் புகும் மெல்லிய எண்ணெய், கேப்பின் (தோட்டாவின் அடியில் ஊசி குத்தும் பற்றவைப்பு மூடியின்) ஓரம் வழியாக உள்ளே போய் மருந்தைக் கெடுத்துவிடும். தோட்டாவுக்கு எந்த எண்ணெயும் எப்போதும் தேவையில்லை. பச்சை பிடித்தவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து சுடலாம் என்று எண்ணாமல், வாங்கிய ஆயுதக் கடையிலேயே ஆலோசித்து ஒப்படைப்பது நல்லது.

சுடப் போகும் முன் குழலையும் தோட்டா அறையையும் உலர்ந்த துணியால் துடைத்து எண்ணெயை எடுத்துவிட வேண்டும். முதல் வெடிக்கு வெள்ளைப் புகை மிகுதியாக வந்தால் இதைச் செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அறையில் எண்ணெய் இருந்தால் தோட்டா சுவரைப் பிடிக்காமல் பின்னோக்கி அழுத்துவதால் கீலுக்கும் பாரம் கூடுகிறது.

கரிமருந்துத் துப்பாக்கியில் அழுகிய முட்டை வாடை

உரிமத்தோடு முன்வழி மருந்திடும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய் முதல் மருந்தாகாது. கரிமருந்தில் வெடியுப்பும் கந்தகமும் கரியும் இருப்பதால், சுட்டபின் எஞ்சும் படிவு பெரும்பாலும் பொட்டாசிய உப்புகள். அவை காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் குழலை அரிக்கத் தொடங்கும். உப்புக்குத் தண்ணீரே கரைப்பான். மருந்தும் கேப்பும் இல்லை என்று உறுதிசெய்தபின், கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரைப் புனல் வைத்து ஊற்றிக் கழுவவேண்டும். சூடேறிய குழல் தானே உலர்ந்துவிடும், அந்தச் சூட்டிலேயே எண்ணெய்த் துணியை ஓட்டிவிட வேண்டும். .303 துப்பாக்கிகளின் பழைய தோட்டாக் கேப்பில் இருந்த குளோரேட்டும் இதேபோல் உப்பை விட்டுச் சென்றதால், அந்தக் காலத்துச் சிப்பாய்களும் புனலும் வெந்நீரும் கொண்டே குழலைக் கழுவினார்கள்.

வீட்டிலேயே கலப்பதானால்

நான் வீட்டில் கலந்து பயன்படுத்துவது ஒன்றே ஒன்று. ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பெட்டிக்கு ஊற்றும் டெக்ஸ்ரான் வகை டிரான்ஸ்மிஷன் எண்ணெய், சீமெண்ணெய், மினரல் டர்பன்டைன், அசிட்டோன் ஆகிய நான்கும் சம அளவு சேர்ந்த கலவை அது. அமெரிக்காவில் எட் ஹாரிஸ் என்பவர் 1990களில் பரப்பியது. எண்ணெயின் சிவப்பு நிறத்தால் எட்ஸ் ரெட் என்று பெயர் பெற்றது. அதற்கு முன்னோடி, ஃபிராங்ஃபோர்ட் ஆயுதசாலையின் 18ஆம் எண் கலவை; அதில் டிரான்ஸ்மிஷன் எண்ணெய்க்குப் பதில் திமிங்கல எண்ணெய் இருந்தது. இது குழலைச் சுத்தம் செய்யும் கரைப்பான்; துடைத்தபின் மெல்லிய காப்பும் தரும். கீலுக்கு இதை உயவாக எண்ணவேண்டாம். அசிட்டோன் கட்டையின் வார்னிஷையும் பிளாஸ்டிக் பாகங்களையும் கெடுக்கும் என்பதால் அதை விட்டுவிட்டு மற்ற மூன்றைக் கலந்தாலும் வேலை நடக்கும்.

அடுப்பும் விளக்கும் இல்லாத வெட்டவெளியில் கலந்து, மூடி இறுகும் தகரக் குப்பியில் ஊற்றி, பெயரெழுதி வைக்கவேண்டும். குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றக் கூடாது. தாகத்தோடு வரும் குழந்தைக்கு வேறுபாடு தெரியாது. சீமெண்ணெய்க்குப் பதிலாகப் பெட்ரோல் சேர்ப்பதையும் நான் ஏற்கமாட்டேன். அதன் ஆவி எங்கோ இருக்கும் தீயைத் தேடிப் போகும். இப்போதைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தையும் இழுக்கும்.

இவ்வளவும் கடையில் வாங்குவதானால் ஒரு சிறிய தையல் எந்திர எண்ணெய்க் குப்பி, ஒரு டப்பி வெள்ளை வாசலின், லித்தியம் கிரீஸ் ஒரு சிறு டப்பா, அரை லிட்டர் டர்பன்டைன் ஆகிய நான்கே போதும். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரே தெருவில் நாலும் கிடைக்கும், ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் பல ஆண்டுகள் வரும். ஆயுதங்களுக்கென்றே விற்கும் வெளிநாட்டு எண்ணெய்கள் நல்லவைதாம். ஆனால் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட ஒன்றுமில்லை.

தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்பி வந்த துப்பாக்கியில் துரு

தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டிவரும். ஓரிரு மாதம் நம் கை படாமல் இருக்கும். ஒருமுறை அவசரத்தில் துடைத்து மட்டும் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கியபோது இரண்டு குழல்களின் மேற்பட்டையிலும் செந்துரு கண்டேன். அதை வாங்கி வைத்தவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை, காப்பது அவர்கள் வேலையாக இருந்தாலும் எண்ணெயிடுவது என் வேலை. இப்போது ஒப்படைப்பதற்கு முந்தின நாள் குழலின் உள்ளும் புறமும் வாசலினைச் சற்றுத் தடிப்பாகவே தேய்த்து, எண்ணெய்க் காகிதம் சுற்றி, துணியுறையில் போட்டுக் கொடுக்கிறேன்.

திரும்பி வந்ததும் குழல்களைக் கழற்றி, வாசலினை டர்பன்டைன் துணியால் முழுவதும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து மறுமுனை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். நம் ஊர்ச் சுவர்களில் மண்கூடு கட்டும் குளவிக்கு அந்தக் குழல் அளவு மிகவும் பிடித்தமானது. உள்ளே ஒரு விரற்கடை மண் இருந்து, அதைப் பாராமல் சுட்டால் குழல் வெடித்துப் பிளக்கும்.